ஓவன் ஏறா இனிப்பின் இலக்கணம்: சுவீடனின் ஈஸ்ஷொக்லாட் குறித்து ஓர் ஆய்வு

சுவீடன் நாட்டு வீடுகளில் டிசம்பர் மாதம் செய்யப்படும் கிறிஸ்துமஸ் இனிப்புகளை, அவை செய்பவருக்கு விளைவிக்கும் துன்பத்தின் அளவைக் கொண்டு வகைப்படுத்தினால், மேல்முனையில் க்னெக் என்னும் பாகு மிட்டாயும் கீழ்முனையில் ஈஸ்ஷொக்லாட் என்னும் சாக்லேட் இனிப்பும் அமையும். க்னெக் செய்வோர் கிரீமையும் சர்க்கரையையும் சர்க்கரைப் பாகையும் ஒன்றாகக் கொதிக்கவைத்து, குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்து, பதம் தப்பினால் பல்லையோ பொறுமையையோ இழக்க வேண்டியவராவர். ஈஸ்ஷொக்லாட்டுக்கோ இரண்டு பொருளும் ஒரு கிண்ணமும் ஒரு கரண்டியும் போதும். இந்த எளிமையே அறிஞர் பெருமக்கள் இதனைத் திரும்பிப் பாராமைக்குக் காரணமாகலாம். எளிதில் செய்யப்படுவதெல்லாம் எளிதில் விளக்கப்படுவதன்று என நிறுவுவதும், இவ்வினிப்பைச் சமைப்பது நெருப்பன்று, குளிரே எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

முதற்கண் வரையறை. இரு பங்கு சாக்லேட்டும் ஒரு பங்கு தேங்காய்க் கொழுப்பும், அதாவது வழக்கமான வீட்டளவில் 200 கிராமுக்கு 100 கிராம், சேர்த்து உருக்கப்பட்டு, ஒரே வாயில் அடங்கத்தக்க சிறு உலோகத்தாள் கிண்ணங்களில் ஊற்றப்பட்டு, குளிரில் இறுகவிடப்பட்டு, அக்குளிர் நீங்குமுன் உண்ணப்படுவது ஈஸ்ஷொக்லாட் ஆகும். வரையறையின் கடைசி உறுப்பு வெறும் அணிக்காகச் சேர்க்கப்பட்டதன்று என்பது பின்னர் விளங்கும். ஓவனில் வைத்துச் சுடப்படாமையால் இது சுடா இனிப்பு வகையைச் சாரும். அஃதேல், உருக்குவதற்கு அடுப்பு வேண்டுமன்றோ, அடுப்பின் உதவி பெற்றதைச் சுடாதது என்பது எங்ஙனம் பொருந்தும் எனின், அடுப்பின்மேல் ஏறுவது நீர் நிறைந்த பாத்திரமே. சாக்லேட் அதன்மேல் அமர்ந்த கிண்ணத்தில் இருந்துகொண்டு ஆவியின் வெம்மையை மட்டும் பெறுதலின் பொருந்தும் என்க. மைக்ரோவேவில் உருக்குவோரை இவ்விடை காப்பாற்றாது. அவர்களுக்கென வேறொரு விடை கண்டாக வேண்டும். அதைக் கண்டு முடிப்பதற்குள் அவர்கள் வேலையை முடித்திருப்பர்.

பாத்திரத்தில் இருந்தவாறு ஆவியாக உதவும் அந்த நீரே, துளியாகக் கிண்ணத்துள் விழுந்தால் பகையாகிறது. சாக்லேட் என்பது கொழுப்பில் விரவிக் கிடக்கும் மிக நுண்ணிய சர்க்கரைத் துகள்களும் கோகோத் துகள்களுமே ஆதலால், ஒரு துளி நீர் புகுந்த அளவில் சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு கரைந்து, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, பளபளத்து ஓடிய குழம்பு சொரசொரப்பான கட்டியாகிவிடும். ஆனால் அதே சாக்லேட்டில் நீர்ச்சத்து மிகுந்த கிரீமைத் தாராளமாக ஊற்றிக் கலக்கினால் இத்தீங்கு நேராமல், கனாஷ் எனப்படும் வழுவழுப்பான கலவை கிடைக்கிறது. சிறிது நீர் கெடுக்கும், மிகுந்த நீர் காக்கும் என்னும் இவ்விதிக்கு அறநூல்களில் ஒப்புமை தேடும் முயற்சி இங்கு மேற்கொள்ளப்படவில்லை.

இனி இவ்வினிப்பின் உயிர்நிலையாகிய கொழுப்பியல். சாக்லேட் தொழிலில் உள்ளோரின் தீராத் தலைவலி கோகோ வெண்ணெய் ஆகும். அது உறையும்போது ஆறு வகையான படிக வடிவங்களில் ஏதேனும் ஒன்றை மேற்கொள்ள வல்லது. 1966இல் வில்லே, லட்டன் என்னும் ஆய்வாளர் இருவர் அவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டனர். இவற்றுள் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகும் ஐந்தாம் வடிவமே பளபளப்பையும், ஒடிக்கையில் எழும் அந்தச் சடக்கென்ற ஓசையையும் தருவது. அதனைப் பெறுவதற்காகக் கருஞ்சாக்லேட்டை 45 முதல் 50 பாகை வரை சூடாக்கி, 27 அல்லது 28 பாகைக்கு ஆற்றி, மறுபடியும் 31 அல்லது 32 பாகைக்கு ஏற்றும் பதமாக்கலைத் தொழிலாளர் கைக்கொள்வர். ஈஸ்ஷொக்லாட் செய்பவரோ தேங்காய்க் கொழுப்பைக் கலந்த கணமே இத்தேர்விலிருந்து விலக்குப் பெற்றுவிடுகிறார். தேங்காய்க் கொழுப்பு, கோகோ வெண்ணெயின் படிக ஒழுங்கில் குறுக்கிட்டு அதனை இளக்கிவிடுவதால், சடக்கென்ற ஓசையை இவ்வினிப்பிடம் எவரும் எதிர்பார்ப்பதில்லை.

தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகையில் உருகுவது. மார்கழிக் காலையில் உறைந்து, வெயிலில் வைத்த சற்று நேரத்தில் தெளிந்துவிடும் எண்ணெய்ப் புட்டியானது இப்பாகையைத் தமிழ் வாசகர்க்கு முன்னரே அறிமுகப்படுத்தியுள்ளது. சுவீடனில் குளிர்காலத்து அறைவெப்பம் 20, 21 பாகையளவில் இருப்பதால் அங்கு அது கட்டியாகவே வாங்கப்பட்டுக் கட்டியாகவே இருக்கிறது. அத்தகையது 37 பாகை வெம்மையுள்ள வாயை அடைந்ததும் விரைந்து உருகுகிறது. திண்மம் நீர்மமாவதற்கு வேண்டிய வெப்பத்தை, இயற்பியலார் உள்ளுறை வெப்பம் என்று வழங்குவதை, அது நாவிடமிருந்தும் அண்ணத்திடமிருந்தும் கேளாமலே எடுத்துக்கொள்ள, வாய் குளிர்கிறது. ஆக, இனிப்பைத் தாம் சுவைப்பதாக உண்பவர் எண்ணியிருக்க, உண்பவரின் வெப்பத்தை இனிப்பு சுவைத்துக்கொண்டிருக்கிறது. இதே பொருளைச் சென்னையில் மே மாதத்தில் ஆராய முற்படுவோர் அதனை இனிப்பு வகையினின்று நீக்கிப் பான வகையில் வைத்தே ஆராய வேண்டியிருக்கும்.

கிரென்னா என்னும் ஊரில் அமாலியா எரிக்சன் என்னும் கைம்பெண் 1859இல் செய்து விற்கத் தொடங்கிய, சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கப்பட்ட பெப்பர்மின்ட் மிட்டாயாகிய போல்காகிரீஸை நொறுக்கி இவ்வினிப்பின்மேல் தூவுவது ஒரு வழக்கு. இதனால் ஓர் அரிய சிக்கல் எழுகிறது. பெப்பர்மின்ட்டில் உள்ள மென்தால், வெப்பம் சிறிதும் குறையாதபோதே, குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிக் குளிர்ந்ததாகக் காட்டும். தேங்காய்க் கொழுப்போ உண்மையிலேயே வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். முன்னதைப் பொய்க்குளிர் என்றும் பின்னதை மெய்க்குளிர் என்றும் கொண்டால், இரண்டையும் ஒரே கவளத்தில் கூட்டிய சமையலறையின் தத்துவத் துணிவு வியக்கத்தக்கது. தூவுங்காலம் பற்றிய விதி சுருக்கமானது: ஊற்றியவுடன் தூவினால் அமிழும், இறுகியபின் தூவினால் உதிரும், இடைப்பட்ட காலத்தைக் கண்டறியக் கருவியில்லை, கிண்ணத்தை மெல்ல அசைத்துப் பார்ப்பதே வழி.

கடுங்குளிரில், ஓவனின் வெம்மை வீட்டுக்கே நன்மையாயிருக்கும் பருவத்தில், ஓவனைத் தவிர்க்கும் இனிப்பு எதற்கு என்பது அடுத்த கடா. அப்பருவத்தில் ஓவன் ஓய்வாக இருப்பதில்லை என்பதே விடை. டிசம்பர் 13ஆம் நாள் வரும் லூசியா விழாவுக்கான குங்குமப்பூ ரொட்டிகளும், இஞ்சி பிஸ்கட்டுகளும், பின்னர்க் கடுகு பூசிச் சுடப்படும் பன்றித் தொடைக்கறியும் அதற்கு முன் வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்கப் பொறுமையற்ற இனிப்பு பால்கனிக்குச் செல்கிறது. அங்கே குளிர், மின்கட்டணமின்றி, தட்டுக்கு இடமில்லை என்னும் பேச்சுமின்றிக் கிடைக்கிறது.

பத்து நிமிடத்தில் முடிவதைச் சமையல் எனலாமா என்று க்னெக் கிண்டிக் கை ஓய்ந்தோர் வினவக்கூடும். வினவுவோர் அறியவேண்டியது யாதெனில், அப்பத்து நிமிடம் மிக நீண்டதோர் உழைப்பின் வால்நுனி மட்டுமே. 1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் கோகோவிலிருந்து வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் வழிக்குக் காப்புரிமை பெறாமலும், 1847இல் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனத்தார் அவ்வெண்ணெயை மீண்டும் கலந்து அச்சில் வார்க்காமலும், 1879இல் பெர்ன் நகரில் ரொடால்ஃப் லின்ட் சாக்லேட்டை நெடுநேரம் இடையறாது பிசைந்து தேய்க்கும் பொறியை அமைக்காமலும் இருந்திருந்தால், சுவீடன் வீட்டுக் கிண்ணத்தில் உருகுவதற்கு வழவழப்பான பொருளே இராது. கொப்பரை உலர்த்தியவரும் கோகோ விதையைப் புளிக்கவைத்தவரும் இன்னும் முன்னே நிற்கின்றனர். அவ்விரு பயிர்களும் வெப்ப நாடுகளுக்கே உரியவை. வடபுலத்து மண்ணில் அவற்றுள் ஒன்றும் முளையாது. வெப்ப நாட்டின் இரண்டு கொழுப்புகளை வரவழைத்து, அவ்வெப்ப நாடுகளில் எளிதில் கிடைக்காததாகிய குளிரைத் தன் பங்காக இட்டுச் சமைத்ததே சுவீடனின் கைத்திறன் எனலாம்.

இனிப்பைக் காத்தல் பற்றிச் சில கூறி முடிக்கலாம். வரையறையின் கடைசி உறுப்பு இங்கேதான் பயன்படுகிறது: அறையில் நெடுநேரம் வைத்தால் ஈஸ்ஷொக்லாட் குழைந்து, எடுத்த விரலில் பாதி தங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பிற்பகல் மூன்று மணிக்கு நாடே தொலைக்காட்சியில் டொனால்டு டக்கைக் காணும் வழக்கம் சுவீடனில் உண்டாதலின், அதற்குச் சற்றுமுன் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துத் தட்டில் வைப்பது தகும். நிகழ்ச்சி முடியும்வரை தட்டில் எஞ்சியிருக்குமா என்பது கொழுப்பியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கோட்பாட்டளவில் இது, கிறிஸ்துமஸ் காலம் முடிவுறுவதாகக் கொள்ளப்படும் ஜனவரி 13ஆம் நாளாகிய க்னூட் நாள்வரை குளிர்ப்பெட்டியில் கெடாதிருக்கும். நெடுநாள் இருப்பின் மேற்பரப்பில் வெள்ளை படரக்கூடும். அது கொழுப்பு வெளியேறி மீண்டும் படிகமாவதால் தோன்றுவதே அன்றிப் பூஞ்சை அன்று, உண்பதால் தீங்கில்லை. இவ்வுண்மையை நன்கறிந்தும், பூஞ்சை பிடித்துவிட்டதென்று வீட்டார்க்கு அறிவித்துவிட்டு, எறிவதாகக் கூறித் தட்டோடு அடுத்த அறைக்குச் செல்வோரும் உளர்.