அம்பாசிடரின் கொதிப்பு: செட்டிநாட்டு வழக்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய கார் ஒன்று சாலையோரம் ஆவி கக்கி நிற்கையில், அதன் பானெட்டைச் சுற்றிக் கூடும் அனைவரும் நோயறிவதில் வல்லுநராகிவிடுவது தமிழகம் முழுமைக்கும் பொதுவான இயல்பே எனினும், காரைக்குடி வட்டாரத்தில் அக்கூட்டம் வழங்கும் கருத்துகள், எண்ணிக்கையாலும் அவற்றில் தொனிக்கும் உறுதியாலும், தனியே ஆராயத்தக்கவை.

ஆய்வுக்குரிய வண்டி அம்பாசிடர். இங்கிலாந்தின் கௌலியில் உருவான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட இவ்வண்டியின் என்ஜினில், பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, வார்ப்பிரும்புச் சுவர்களைச் சுற்றியோடும் தண்ணீரில் இறங்குகிறது. அதைக் காற்றில் கழிக்கும் பொறுப்பு ரேடியேட்டருடையது. மேலும் கீழும் இரு தொட்டிகள், இடையே மெல்லிய குழாய்கள், அவற்றைப் பிணைக்கும் தகட்டு மடிப்புகள் என்று செம்பாலும் பித்தளையாலும் ஆனது அது. தண்ணீரின் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ அவ்வளவுதான் அது கழிக்கும். 85 டிகிரித் தண்ணீர் ஆக்ஸ்ஃபோர்டின் 20 டிகிரிக் காற்றைச் சந்தித்தால் வேறுபாடு 65. அதே தண்ணீர் கத்திரி வெயிலில் காரைக்குடியின் 40 டிகிரிக் காற்றைச் சந்தித்தால் 45. எனவே, பழுதே இல்லாத வண்டியும் இங்கு வந்து நின்ற அளவிலேயே தன் குளிரும் திறனில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. இதற்கு மெக்கானிக்கைக் கடிந்து பயனில்லை, பஞ்சாங்கத்தைத்தான் கடிந்துகொள்ள வேண்டும்.

பானெட்டைச் சுற்றி எழும் கொள்கைகளுள் முதன்மையானது தெர்மோஸ்டாட் மறுப்பு. தெர்மோஸ்டாட் என்பது, உள்ளிருக்கும் மெழுகு ஏறத்தாழ 80 டிகிரியில் உருகி விரியும்போது மட்டும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் சிறு கதவு. “இந்த ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே, கழட்டிப் போடுங்க” என்பது இக்கொள்கையினரின் மூல வாக்கியம். கதவு மூடிய நிலையில் இறுகிவிட்டிருந்தால் அவர்கள் சொல்வது உண்மையே. அதை அறிய, கழற்றி வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் பார்ப்பதற்கு முன்பே அது எறியப்பட்டுவிடுவதால், அன்று முதல் காலைக் குளிரில் என்ஜின் சூடேறத் தாமதித்துப் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது. அடைத்த ரேடியேட்டரோ அடைத்தபடியே இருக்கிறது.

இரண்டாம் கொள்கை சமையலறையிலிருந்து வருவது. ரேடியேட்டரில் கசிவு கண்டால் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றும் ஓட்டுநர் வழக்கம் பழையது. தூள் கசிவின் வாயில் சென்று திரண்டு அடைக்கிறது என்பதும் பொய்யன்று. மிளகுத்தூளையும் பரிந்துரைப்போர் உண்டு. கசியும் துளையை அடைக்கத் தெரிந்த தூளுக்கு, கசியாத குழாயை அடைக்காமல் விடத் தெரியாது என்பதே இதிலுள்ள ஒரே இடர். மஞ்சளும் மிளகும் வெந்நீரும் சேர்ந்த பின் ரசத்துக்குக் குறைவது புளி மட்டுமே. பித்தளைப் பாத்திரத்தின் களிம்பைப் புளி நீக்குவதுபோல ரேடியேட்டரின் உட்படிவை நீக்கவும் மென்மையான அமிலம்தான் பயன்படுகிறது என்பதால், அக்குறையையும் பட்டறை ஒருநாள் வேறு வடிவில் நிறைவு செய்துவிடுகிறது.

சூடான மூடியை அப்போதே திறக்கச் சொல்வோரைக் கொள்கையினர் என்று கொள்வதற்கில்லை. மூடியின் வில், உள்ளே அரை வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் 111 டிகிரிக்கு உயர்கிறது. மூடியைத் திருகியதும் அழுத்தம் நீங்க, கொதிக்காமல் இருந்த தண்ணீர் அனைத்தும் ஒரே நேரத்தில் கொதிக்கத் தீர்மானிக்கிறது. பரிந்துரைத்தவர் அதற்குள் நான்கடி பின்வாங்கியிருப்பார்.

செட்டிநாட்டுக்கே உரிய கொதிப்பு ஒன்று உண்டு. அது மாப்பிள்ளை அழைப்பின்போது நிகழ்வது. அம்பாசிடரின் மின்விசிறி, பெயரில் மின் இருந்தாலும், மின்சாரத்தால் சுழல்வதன்று. என்ஜின் தண்டிலிருந்து ஃபேன் பெல்ட் வழியே சுழல்வது. நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊரும் வண்டியில் என்ஜின் மெல்லச் சுழல, விசிறியும் மெல்லச் சுழல்கிறது; எதிர்க்காற்று அறவே இல்லை. இந்நிலையில் காற்று நுழைவதற்கென்றே அமைந்த முன்வலையின் மேல், செவ்வந்தியும் சம்பங்கியும் அடர்த்தியாகக் கட்டிய மாலையைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாத்தி, எஞ்சிய இடத்தை மணமக்கள் பெயரெழுதிய தெர்மாகோல் பலகையால் மூடுகின்றனர். தவிலின் உச்சகட்டத்தில் வெப்பமானியின் முள் சிவப்புக்குச் செல்வதைக் கண்டு ஓட்டுநர் தவிக்கையில், மாலையை நகர்த்த வேண்டும் என்று சொல்லும் துணிவு எவருக்கும் வருவதில்லை. சம்பந்தி வீட்டார் கண்ணெதிரே மாலையில் கைவைப்பது, என்ஜினின் தலைப்பகுதியான ஹெட் வெடிப்பதைவிடப் பெரிய சேதம் என்ற கணக்கு அங்கு நிலவுகிறது.

இவ்வழக்கு ஒரு பொதுவிதிக்கும் சான்றாகிறது. ஊருக்குள் மெல்லச் செல்லும்போது மட்டும் சூடேறி, மதுரைச் சாலையில் தணியும் வண்டிக்குக் குறை காற்றில் உள்ளது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், செம்மண் புழுதியும் பூச்சிகளும் தகட்டு மடிப்புகளை மூடியிருக்கலாம். பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி, அரை அங்குலத்துக்கு மேல் வெகுவாக இறங்கினால் தளர்வு என்று கொள்ளலாம். மாறாக, ஊருக்குள் அமைதியாக இருந்து வேகமாகச் செல்லும்போது கொதிக்கும் வண்டிக்குக் குறை பெரும்பாலும் தண்ணீரின் ஓட்டத்தில் உள்ளது. என்ஜினை அணைத்து ஆறவிடும்போதே ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவி, சூட்டுக்கு நடுவே குளிர்ந்த திட்டுகள் தட்டுப்பட்டால், அவ்விடத்துக் குழாய்கள் அடைத்துவிட்டன என்பது தெளிவு.

அடைத்தது யார் என்ற வினாவுக்கு விடை, குற்றத்தைவிட வியப்பானது. காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றைப் புகழாத காரைக்குடிக்காரர் இல்லை. கூரைகளின் சரிவில் இறங்கும் மழையை வளவு எனப்படும் உள்முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிக்கும் வழக்கம் கொண்ட வீடுகள் இங்குள்ளவை. அத்தகைய வீட்டின் காருக்கு மட்டும், வழியில் எந்த ஆழ்குழாய்க் கிணறு எதிர்ப்படுகிறதோ அதன் உப்புத்தண்ணீர். கடினநீர் சூடாகும்போது அதிலுள்ள கால்சியம் சுண்ணமாகப் படிகிறது. ஆவி போக உப்பு தங்க, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் புதுப் படிவு சேர்கிறது. வெப்பத்தைக் கடத்துவதில் அப்படிவு செம்பைவிட நூறு மடங்குக்கு மேல் மந்தமானது. போதாக்குறைக்கு, உப்புநீரில் வார்ப்பிரும்பும் செம்பும் இணைந்திருக்கையில் இரும்பு முந்திக்கொண்டு துருவாகக் கரைகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோக அரிப்பை ஆராய்ந்துகொண்டு இதே ஊரில்தான் இருக்கிறது. அதன் மதிற்சுவரை ஒட்டிய சாலையிலும் அம்பாசிடர்கள் செந்நிறத் தண்ணீரைக் கக்கியபடி நின்றதுண்டு.

தீர்வு எளிது. ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியின் ஈயப்பற்றை உருக்கிப் பிரித்து, குழாய்தோறும் மெல்லிய தகட்டை விட்டுப் படிவை எடுத்து, மீண்டும் பற்றவைக்க வேண்டும். பின்னர் ஊற்றும் தண்ணீர் உப்பற்றதாகவும், கூலன்ட் கலந்ததாகவும் இருத்தல் வேண்டும். “இங்க என்ன பனியா பெய்யுது, கூலன்ட் ஊத்த?” என்று கேட்போர், அது உறைவதைத் தடுப்பதோடு துருவையும் தடுக்கிறது என்பதை அறியாதவர்கள். மழைத்தண்ணீர் இதற்கு உகந்ததே, ஆனால் அண்டாவுக்கு உரிமையுடைய ஆச்சியிடம் இரண்டு குடம் கேட்டால், “காருக்கா? காப்பிக்கே பத்தலை, போப்பா” என்ற விடையே கிடைக்கும் என்பதால், பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. ஆறிய என்ஜினில் கலவையை நிரப்பி, மூடியைத் திறந்துவைத்தே ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்போது மீண்டும் ஊற்றி, குமிழிகள் நின்ற பின் மூட வேண்டும். குமிழிகள் நில்லாமல் வந்துகொண்டே இருந்தால், என்ஜினின் உடலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே அமர்ந்து எரிவாயுவையும் தண்ணீரையும் பிரித்துவைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். அப்போது ஹெட்டைக் கழற்றி, அதன் அடிப்பரப்பு வளைந்திருந்தால் லேத் பட்டறையில் சமப்படுத்த வேண்டிவரும். இரண்டே நாள் என்று அங்கு சொல்லப்படும் வேலை எப்போது முடியும் என்பதைக் கணிக்க, மேற்கூறிய இயற்பியல் எதுவும் உதவாது.