சாரற்பகுப்பு: தென்காசி இயல்

மாணாக்க, கேள். வடக்கிருந்து வருவது வாடை, தெற்கிருந்து வருவது தென்றல், கிழக்கிருந்து வருவது கொண்டல், மேற்கிருந்து வருவது கோடை எனக் காற்றை முன்னோர் நான்காகப் பகுத்தனர். தென்காசியில் இப்பகுப்பு இடறுகிறது. ஆனி பிறந்ததும் அங்கே மேற்கிலிருந்து வீசுவது காதுமடலைச் சில்லிட வைக்கும். பெயர் வெம்மைக்குரியது, தொழில் குளிர். ஆகவே அதனைக் குளிர்கோடை என்க.

அது நிகழுமாறு: மேலைக்கடலில் நீர் முகந்த காற்று மலைத்தொடரில் ஏறிக் குளிர்ந்து, சுமையின் பெரும்பங்கைக் கேரளத்திலேயே இறக்கிவிடும். எஞ்சியது ஆரியங்காவுக் கணவாய் வழியே செங்கோட்டைப் பக்கம் புகும். அவ்வெச்சமே சாரல். கிழக்கே 30 கல்லுக்கு மேல் உள்ள நெல்லையில் அதே வேளை வெயில் கொளுத்தும். பழந்தமிழில் சாரல் மலைச்சரிவுக்குப் பெயர். சரிவின் பெயர் அங்கு விழும் நீருக்கு ஆயிற்று; இடவாகுபெயர்.

வரையறை: குடையை விரித்தால் நாணமும் விரிக்காவிடின் நனைவும் தருவது சாரல். விரித்தால் நாணம் தராதது மழை.

சாரல் ஐவகைப்படும்.

முதலாவது கண்ணாடிச்சாரல். தோலில் உறைக்காது, மூக்குக்கண்ணாடியில் மட்டும் புலப்படும். கண்ணாடி அணியாதார் இதனைச் சாரலென்று ஒப்பார். அவர் கூற்றைத் தள்ளுக.

இரண்டாவது கிடைச்சாரல். மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். இது குடை வளைப்பது, குடை கவிழ்ப்பது, குடையொடு ஆளையும் நகர்த்துவது என முத்திறத்தது. மூன்றாவதன் ஆற்றலைத் தென்காசிக் கோயிற் கோபுரவாயிலில் சாரலின்றியே உணரலாம். அங்கே ஒரு கையால் வேட்டியைப் பற்றாது நடப்பார் அரியர்.

மூன்றாவது அருவிச்சாரல். குற்றாலப் பேரருவியின் எதிரே நிற்பாரை நனைக்கும் திவலை. வானத்தது அன்மையின் போலிச்சாரல் எனலும் ஆம்.

நான்காவது மரச்சாரல். வானம் ஓய்ந்தபின் மரம் உதறுவது. இதற்குக் கருவி தென்னை, புளி, மா என மூன்று. தென்னை ஓலைநுனியில் நீரைச் சேர்த்து வைத்து ஒருங்கே கொட்டும். புளி பொடியாகத் தூவும். மாவுக்குத் துணிவு போதாது. இதனை ஆய்வான் வேண்டி ஐந்தருவிச் சாலையில் ஒரு முற்பகல் முழுதும் புளியமரத்தடியில் நின்றேன். விழுந்த துளிகளுள் பெரும்பாலன சட்டைக்கும் பிடரிக்கும் இடையிலேயே புகுந்தன. குனிந்து நின்றேன், அப்போதும் அங்கேயே புகுந்தன. இவ்விடைவெளிக்குத் துளிவாய் எனப் பெயரிட்டுள்ளேன்.

ஐந்தாவது ஐயச்சாரல். விழுந்ததா இல்லையா என இருவர் வழக்கிடத் தக்கது. உள்ளங்கை நீட்டிப் பார்த்தல் சான்றாகாது; வியர்வையோடு மயங்கும். கொடியில் காயும் துணியே தீர்ப்பு. ஆடியில் அத்துணி மூன்று நாளாயினும் உலராது ஆதலின் தீர்ப்பும் தள்ளிப்போகும். அந்நிலையில் மனையாள் கூற்றைக் கொள்க. எம் மனையாள் இப்போதுதான் முற்றத்திலிருந்து, "தூத்தல் போடுது, கொடியில கெடக்க துணிய எடுங்க" என்றாள்.

தூத்தல் சாரலின் வேறு. அதன் பகுப்பைத் துணி எடுத்தபின் உரைப்பாம்.