பெட்டியைத் திட்டாதேலே, நீ அடிச்ச தந்தியைக் காட்டு

ஏலே பேராண்டி, பதில் கோணலா வருதுன்னு ராப்பகலா நீ கட்டின ஆப்புக்குள்ள இருக்கிற சாட்பாட்டுப் பெட்டியை வஞ்சுக்கிட்டே கெடக்கியே, ஒண்ணு கேக்கேன். அதுக்கு நீ என்னத்த அனுப்புன? வந்ததை எங்கிட்ட காட்டாதே, போனதைக் காட்டு.

கோவில்பட்டித் தந்தி ஆபீஸுல வார்த்தையை எண்ணித் துட்டு வாங்கிப் போட்ட கைலே இது. 2013 ஜூலையில தந்தியை மூடினாக. எண்ணி வாங்குற பொழைப்பு அத்தோட ஒழிஞ்சதுன்னு நானும் ஆட்டைப் பத்திக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். எங்க ஒழிஞ்சது? சொல்லை நறுக்கின துண்டுக்கு டோக்கன்னு பேரு வச்சு அமெரிக்காக்காரன் கவுண்டரை மறுபடி தொறந்துட்டான். எம் பேரனே மொத ஆளா வரிசையில நிக்கான்.

ஒன் ஆப்புகிட்டப் பயிருக்கு மருந்து கேட்ட ஒன் அத்தைப்பாட்டி கதைக்கு வருவோம். போனை வாய்க்கிட்ட கொண்டுபோயி, "ஹலோ ஹலோ கேக்குதா, ஏய்யா, மக்காச்சோளத்துல..."ன்னு ஆரம்பிச்சவுக, வெத்தலைச் சாறைத் துப்ப அந்தப் பக்கம் செத்தத் திரும்பினாக. அம்புட்டுதான். பேச்சு முடிஞ்சுட்டுன்னு ஒன் ஆப்பு முடிவு கட்டி அனுப்பிட்டுது. மக்காச்சோளத்துல நார்ச்சத்து இருக்கு, அவிச்சும் திங்கலாம், சுட்டும் திங்கலாம்னு பதில் வருது. குருத்துக்குள்ள படைப்புழு உக்காந்து விருந்து சாப்பிடுது, இவன் எனக்குச் சமையல் படிச்சுத் தாரான்னு கெழவி போனை வீசாத குறை. பெட்டி மேல என்னலே தப்பு? அரை செகண்டு மௌனத்தைக் கண்டா மைக்கை மூடுன்னு எழுதி வச்சது யாரு? ஏசி ரூமுல மூச்சு விடாம பேசுறவனுக்கு அது சரி. வெத்தலை போடுற ஊருக்கு ரெண்டு செகண்டாவது கொடுக்கணும். இல்லையா, பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் கேளு, கையை எடுத்த பெறகு அனுப்பு.

அதுக்காக மைக்கைத் தொறந்தே போட்டுறாதே. பேச்சை எழுத்தாக்குற மாடல் சிலதுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரும் பேசாத நேரத்துலயும் எதையோ கேட்டமாதிரி எழுதி வைக்கும். காத்தாடிச் சத்தத்துக்கு நன்றி வணக்கம் சொல்லும். முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற வெறுஞ்சத்தத்தை வெட்டிட்டு அனுப்பு. எடையும் கொறையும்: செகண்டுக்கு 16,000 மாதிரி, மாதிரிக்கு ரெண்டு பைட்டுன்னு வச்சா ஒரு நிமிசப் பேச்சு ரெண்டு எம்பிக்குக் கொஞ்சம் கம்மி. அதை ஜேசனுக்குள்ள திணிக்கப் பேஸ்64 ஆக்கினா இன்னும் மூணுல ஒரு பங்கு கூடும். எங்க கம்மாக்கரையில ரெண்டு கோடு சிக்னல் வந்தாலே திருவிழா, தெரியும்லா?

ரெண்டாந்தடவை கேட்டப்ப நடந்த கூத்து அதைவிடப் பெருசு. எங்க ஊரு வாயில ழகரம் என்னைக்குலே இருந்துச்சு? அவுக "புளு"ன்னாக. எழுத்தாக்குற மாடல் "ப்ளூ"ன்னு எழுதிட்டுது. மெக்சிகோவுல நீல மக்காச்சோளம் உண்டு, அதுல ரொட்டி தட்டுவாகன்னு பதில் வந்துச்சு. உண்டுதான், அதுல ஒரு பொய்யும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பெட்டி யோக்கியமாத்தான் பதில் சொல்லியிருக்கு, கேள்விதான் நம்மளுது இல்லை. காது ஒரு மாடல், மூளை இன்னொரு மாடல், நடுவுல போற சீட்டு நீ எழுதுறது. அந்தச் சீட்டை மூளைக்கு அனுப்புறதுக்கு முந்தி, கேட்டவுகளுக்கே ஒருக்கா வாசிச்சுக் காட்டு. "இதானே கேட்டிய?" கவுண்டருல நாங்க அதைச் செய்யாம பாரத்தை உள்ள அனுப்பமாட்டோம். செத்த வீட்டுக்குக் கல்யாண வாழ்த்து போயிரும்லா?

சரி, புழுவு ஒருவழியா புழுவாவே போய்ச் சேந்து பதிலும் வந்துச்சு. "அதை எம்புட்டுக் கலக்கணும்?"னு அவுக கேக்க, பெட்டி "எதை?"ங்குது. நீ தலையில அடிச்சுக்கிட்ட. அதுக்கு ஞாபகம்னு ஒண்ணு கெடையாதுலே. ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் புதுசாப் பொறந்து வருது. இது யூசர் சொன்னது, இது அசிஸ்டன்ட் சொன்னதுன்னு மொதல்ல இருந்து நடந்த பேச்சு பூராத்தையும் அடுக்கி, ஒவ்வொரு வாட்டியும் நீதான் கட்டி அனுப்பணும். பழசை எங்க பக்கத்துலயே வச்சுக்கிடுதோம்னு சில கம்பெனி சொல்லும். தருமம்னு நெனச்சுறாதே, பில்லுல அதையும் சேத்துத்தான் எண்ணுவாக.

மருந்து கலக்குற அளவைப் பெட்டி தன் இஷ்டத்துக்குச் சொல்ல விடாதே. வேளாண்மைப் பல்கலைக்கழகம் அச்சடிச்ச அளவை அந்தக் கேள்வியோடயே சேத்து அனுப்பி, இதுல இருந்து மட்டும் சொல்லு, இதுல இல்லைன்னா வேளாண் ஆபீஸரைக் கேக்கச் சொல்லுன்னு உத்தரவு போடு. அவுக தெளிக்கப்போறது தண்ணி இல்லை.

துட்டுக் கணக்குக்கு வா, எனக்குப் பிடிச்ச எடம். "புழு"வுல உள்ள எழுத்துக் குறி நாலு. இங்கிலீஷுக்காரன் "வார்ம்"லயும் நாலு எழுத்துதான். அவனுக்கு நாலு பைட்டு, நமக்குப் பன்னெண்டு. யூடிஎஃப்-8ல தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட்டு பிடிக்கும். அதை டோக்கனா நறுக்குறவன் தமிழைப் பாக்காம கத்தி தீட்டினவனா இருந்தா நம்ம சொல்லு அரைச்ச மாவா வெளிய வரும். 2024 மே மாசம் ஓப்பன்ஏஐ ஜிபிடி-4ஓவை எறக்கினப்ப அவுகளே ஒரு கணக்குக் காட்டினாக. ஒரே வணக்கச் சேதி, பழைய முறையில இங்கிலீஷுக்கு 27 டோக்கன், தமிழுக்கு 116. புது முறையில இங்கிலீஷுக்கு 24, தமிழுக்கு 35. அதனால எந்த மாடல் மலிவுன்னு விலைப்பட்டியலைப் பாத்து முடிவு பண்ணாதே. அத்தைப்பாட்டி பேச்சை ஒருக்கா போட்டு எண்ணிப் பாரு. பாதி விலை மாடல் மூணு மடங்கு எண்ணினா யாருக்கு லாபம்?

வாழ்த்துத் தந்திக்கு எங்ககிட்ட நம்பர் இருந்துச்சு. நம்பரை மட்டும் தட்டுவோம், போய்ச் சேருற ஆபீஸுல முழு வாசகமும் எழுதிக் கொடுப்பாக. அதே வித்தையை மாடல் கம்பெனிக்காரனுக கேஷிங்னு வச்சிருக்கானுக. ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டோட தலைப்பகுதியும் எழுத்து மாறாம ஒண்ணுபோல இருந்தா, அந்தப் பகுதிக்கு விலை கொறைப்பு. நீ என்ன பண்ணியிருக்க? மொத வரியிலேயே இன்னைக்குத் தேதியும் மணியும் செகண்டும் போட்டிருக்க! செகண்டுக்கு ஒருக்கா தலை மாறினா எவன் தள்ளுபடி கொடுப்பான்? தேதியைக் கீழ எறக்குலே.

ஏபிஐ கீயை ஆப்புக்குள்ளேயே பொதைச்சு வச்சிருக்கியாமே? ஏபிகேயைப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்ச எந்தப் பயலும் ஒன் கணக்குல பேசித் தீத்துருவான். ஒன் சர்வரு ஒண்ணை நடுவுல நிறுத்து, கீ அங்க இருக்கட்டும். கேள்வி அளவுக்கு மிஞ்சிட்டுன்னு 429 வந்தா அவசரம்னு திரும்பத் திரும்பத் தட்டாதே. ஒண்ணு, ரெண்டு, நாலு செகண்டுன்னு பொறுத்துக் கேளு. 401 வந்தா பொறுத்தும் பிரயோசனம் இல்லை, கீ தப்பு.

அத்தைப்பாட்டி பேச்சோட பேச்சா ஆதார் நம்பரையும் பேங்குக் கணக்கையும் சொல்லுவாக, அது அவுக சுபாவம். அதை அழிச்சுட்டு அனுப்பு. 1885 தந்திச் சட்டப்படி அடுத்தவன் சேதியை வெளிய சொன்ன ஊழியனுக்கு அப்பல்லாம் ஜெயிலு கூட உண்டு. ஊரு ரகசியத்தை வயித்துல கட்டிக்கிட்டே நாங்க ரிட்டயர்டு ஆனோம். ஒனக்கும் ஆளுக சொந்தத் தகவலைக் காக்க 2023ல ஒரு சட்டம் வந்தாச்சு, படிச்சியா? எங்க படிச்ச!

போ, அத்தைப்பாட்டி பேசினதுல பத்தாவது ரெக்வெஸ்ட்டை எடுத்து, நீ அனுப்புன மேனிக்கே சத்தம்போட்டு வாசி. உத்தரவு முடிஞ்ச ஒடனே "ஹலோ ஹலோ கேக்குதா"ன்னு இருக்கும். காதே இல்லாத பெட்டிக்குக் கேக்குதா கேக்குதான்னு பத்து வாட்டி தந்தி அடிச்சு, பத்து வாட்டியும் துட்டும் கட்டியிருக்கலே.