நெடுந்தீவில் நீலச் சல்வியா: நீர்ப் பங்கீட்டை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தீவகத்துக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வாரி வழங்கினார்கள். வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க். நெடுந்தீவுக்கு வாய்த்தது டெல்ஃப்ட். அந்த டெல்ஃப்ட் நகரமோ அதே நூற்றாண்டில் நீலச் சித்திரம் தீட்டிய வெள்ளைப் பீங்கானால் பேரெடுத்தது. பெயரைத் தந்தவர்கள் நீலத்தை ஏன் தராமல் போனார்கள்? சுற்றிவரக் கடல் நீலமாகத்தானே கிடக்கிறது என்பாரும் உளர். கடலைச் சாடியில் வைத்து முற்றத்தில் வளர்க்க முடியாது. ஆதலால் அவ்வாதம் தள்ளுபடி.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஸ்காபரோவில் வசிக்கும் மாமி. நயினை அம்மன் திருவிழாவுக்கு வந்தவர், சூட்கேஸில் சொக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே நீலச் சல்வியா விதைப் பக்கெற் ஒன்றைக் கொண்டுவந்தார். 1833 இல் ஜோர்ஜ் பெந்தம் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் விவரித்த இனம். தாயகம் டெக்சாசும் மெக்சிக்கோவும். குடும்பம் துளசியின் குடும்பம். தண்டிலும் மொட்டிலும் மா தூவினாற்போல் வெண்மயிர் படர்ந்திருக்கும். விதையை மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட வேண்டும். சொந்த ஊரிலும் சுண்ணாம்பு நிலத்தில் வளர்ந்து பழகியதால், எங்கள் முருகைக்கல் மண்ணைக் கண்டு அது முகம் சுளிக்கவில்லை. பிரச்சினை தண்ணீர்.

தீவில் நல்ல தண்ணீர் என்பது, மழை மண்ணுக்குள் இறங்கி உவர் நீரின் மேல் மிதந்து நிற்பது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அங்குலம் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அங்குலம் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. (இக்கணக்கைச் சொன்ன இருவரில் ஒருவரான பாடொன் கைபன் ஒல்லாந்தர் என்பதைக் கவனிக்க.) மேலே ஓர் அங்குலத்தை இறைத்துக் குறைத்தால் கீழிருந்து 40 அங்குலம் உவர் ஏறிவரும். இந்தச் சூத்திரத்தைப் படிக்காமலே எங்கள் வீட்டில் தண்ணீருக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் உரிமை குடத்துக்கு. அடுத்தது மிளகாய், முருங்கை, கறிவேப்பிலை. அரிசி கழுவின தண்ணீர் மாட்டுக்கு. கிணற்றடியில் கால் கழுவி ஓடும் தண்ணீர் வாழையின் பரம்பரைச் சொத்து. அதில் கைவைத்தால் வழக்குத்தான். மிஞ்சினால் செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும், அவை சாமித்தட்டுக்குப் போவதால். கறிக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாது என்றொரு செடி வந்தால் அது இவ்வரிசையின் கடைசியில்கூட நிற்க முடியாது.

ஆடுமாடு பற்றி அதிகம் சொல்ல இல்லை. சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டிய எங்கள் மதிலை ஏறிவந்த ஆடு ஒன்று, ஓர் இலையைக் கடித்து, யோசித்து, துப்பிவிட்டுப் போனது. கட்டாக்காலிக் குதிரைகளின் கருத்து கிடைக்கவில்லை.

செடியின் தரப்பில் நான் வைத்த வலுவான வாதம் வண்டு. சல்வியாப் பூவுக்குள் ஒரு நெம்புகோல் உண்டு. தேன் தேடி வண்டு தலையை நுழைத்து முட்டினால் மகரந்தத் தண்டு குனிந்து அதன் முதுகில் பொடியைப் பூசிவிடும். ஜெர்மானியரான ஸ்பிரெங்கெல் 1793 இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். அம்மம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டா.

"அப்ப தண்ணியையும் அந்த வண்டையே ஊத்தச் சொல்லு, மோனை. நீலம்தான் வேணுமெண்டால் வேலியில காக்கணவன் கிடக்குது. ஊத்தாமலே பூக்குது, அம்மாளுக்கும் வைக்கலாம்."

இதனால் எமது முதற்பந்தி பாதிக்கப்படாது. அங்கே பேசப்பட்டது ஒல்லாந்தர் தராத நீலம். காக்கணவன் அவர்களைக் கேட்டுப் பூப்பதில்லை.

இந்நிலையில் பங்குனி வெயிலுக்குச் செடி கருகியிருக்க வேண்டும். கருகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஸ்காபரோவில் விடிந்ததும் மாமி வட்ஸ்அப்பில் வருகிறார். எங்கள் சுகம் கேட்க முதல் "செடியைக் காட்டுங்கோ" என்கிறார். ஆகவே சனிக்கிழமை இரவே, மிளகாய்க்கும் முன்னதாக, அம்மம்மா தன் கையால் ஒரு வாளி ஊற்றிவிடுகிறா. மேற்படி சட்டத்தில் இதற்கென ஒரு தனிப்பிரிவு சேர்ந்துவிட்டது. செய்தி ஒழுங்கையில் பரவியிருக்க வேண்டும். போன கிழமை பக்கத்து வளவு அக்கா படலையடியில் நின்று கேட்டா:

"விதை கிடக்கோ அம்மம்மா? எனக்கும் பரிசில ஒரு தங்கச்சி இருக்கிறாள்."