அர்பத்நாட் எந்த ஊர்க்காரர்?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடசென்னையிலிருந்து வந்தவை. அநேகமாக எல்லாமே ஒரு ஸ்காட்லாந்துப் பெயரைச் சுற்றித்தான். மற்றவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயரை இன்றைக்கே பேசித் தீர்த்துவிடுவோம்.

மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனோம். ‘சர்நேம்’ கட்டத்தில் அப்பா பெயரை எழுதச் சொன்னார்கள். வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? அர்பத்நாட் வங்கி என்று தாத்தா காலத்தில் சொல்வார்களே, அதெல்லாம் என்ன பெயர்? — வாசகி, நெட்டுக்குப்பம்

பல பெயர்கள் நிலத்தோடு வந்தவை, தாயே. அர்பத்நாட் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், கின்கார்டின்ஷையர் என்ற பழைய மாவட்டத்தில் அர்பத்நாட் என்றே ஒரு சிற்றூர் இன்றும் இருக்கிறது. பெர்வி என்ற சிறிய ஆறு அதன் ஓரமாக ஓடி, சில கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுகிறது. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹியூ என்பவர் தெற்கே ஸ்விண்டன் குடும்பத்திலிருந்து வந்து இந்த நிலத்துக்குச் சொந்தக்காரரானார். நிலத்தின் பெயரே வாரிசுகளின் பெயரானது. பழைய ஆவணங்களில் அது ‘அபர்பொத்தெனொத்’ என்று வாய் நிறைய இருக்கிறது. ‘அபர்’ என்பது ஆறு போய்ச் சேரும் இடம். அபர்டீன் நகரத்தின் பெயரிலும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் குடியிருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நிலம், அதிலுள்ள அர்பத்நாட் மாளிகையோடு, அதே குடும்பத்திடம்தான் இருக்கிறது. ஊர்க் கோயிலான புனித டெர்னன் ஆலயத்தின் பலிபீடப் பகுதி 1242இல் அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் சிபால்ட் 1491இல் தம் கையாலேயே எழுதி முடித்த வழிபாட்டு நூல் இப்போது பெய்ஸ்லி நகர அருங்காட்சியகத்தின் சொத்து. ஊரை விட்டு வெளியே போனவர்கள் மட்டும் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். மூத்த கிளையான வைகவுண்ட் குடும்பம் கடைசியில் இரண்டு ‘டி’ போட்டு எழுதும். மற்ற கிளைகள் ஒன்றோடு நிறுத்திவிடும். வைகவுண்ட் என்பது 1641இல் முதலாம் சார்லஸ் கொடுத்த பட்டம்.

பட்டம் வாங்கியவர்கள் என்றால் பரம்பரையாக நல்லவர்கள்தானா? — வாசகர், திருவொற்றியூர்

1420 வாக்கில் நடந்ததாகச் சொல்லும் கதையைக் கேளுங்கள். ஜான் மெல்வில் என்ற செரீஃபின் கெடுபிடி தாங்காமல் அக்கம்பக்கத்து நிலக்கிழார்கள் ஓயாமல் புகார் சொன்னார்கள். சலித்துப்போன ஆட்சியாளர், அந்த ஆளை வேகவைத்துச் சாறாகக் குடித்தாலும் எனக்கென்ன என்று சொல்லிவிட்டாராம். போனவர்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கார்வாக் குன்றில் வேட்டை விருந்து என்று செரீஃபை அழைத்து, கொதிக்கும் அண்டாவில் தள்ளி, ஆளுக்கொரு கரண்டி குடித்ததாகக் கதை. அவர்களில் ஒருவர் ஹியூ அர்பத்நாட். சாறு கதையாக இருக்கலாம், கொலை நிஜம். 1421இல் ஹியூவுக்குக் கிடைத்த மன்னிப்புப் பத்திரமே அதற்குச் சாட்சி.

ஸ்மித், பிரவுன் என்றால் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அர்பத்நாட் ஏன் இவ்வளவு அரிது? — கல்லூரி மாணவர், எண்ணூர்

ஸ்மித் என்றால் கொல்லர். கொல்லுப்பட்டறை இல்லாத ஊர் ஏது? அதனால் ஆயிரம் ஊர்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் ஸ்மித்துகள் முளைத்தார்கள். அர்பத்நாட் என்ற பெயர் பிறந்த ஊர் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கைக்கடக்கமான ஊர். ஆகவே அரிது.

ஆனால் அரிதான பெயருக்கு ஒரு வசதி உண்டு, அது போன பாதை அப்படியே தெரியும். ஊரிலிருந்து வடக்கே பீட்டர்ஹெட் துறைமுகத்துக்கு ஒரு கிளை போய் வணிகம் செய்தது. அங்கே ஆடம் அர்பத்நாட் என்ற வணிகர் சேர்த்துவைத்த பொருட்களிலிருந்து உண்டான அருங்காட்சியகம் அவர் பெயரையே தாங்கியது. இன்னொரு கிளை அயர்லாந்தின் மேயோ பகுதிக்குப் போனது. எடின்பரோவில் வில்லியம் அர்பத்நாட் நகரத் தலைவர் பதவிக்கு வந்தார். பகாமாஸிலிருந்து ஃபுளோரிடா கரைக்கு வியாபாரம் செய்யப் போனவர் அலெக்சாண்டர் அர்பத்நாட் என்ற கிழவர். நிலம் பறிபோன அமெரிக்கப் பழங்குடி மக்களுக்காக அவர் மனு மேல் மனு எழுதிக்கொடுத்தார். ஆண்ட்ரூ ஜாக்சனின் படை 1818இல் அவரைப் பிடித்து, அவருடைய கப்பலின் பாய்மரத்துக் குறுக்குக் கட்டையிலேயே தூக்கிலிட்டது. மனு எழுதியதற்காக உயிரை விட்ட அந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன். ஹாங்காங்கின் பழைய விக்டோரியா சிறை இருக்கும் தெருவுக்கும் அர்பத்நாட் சாலை என்றுதான் பெயர். இந்தப் பாதையெல்லாம் கப்பல் பாதை. அதில் ஒன்று மதராசுக்கு வந்து சேர்ந்தது.

அந்த வங்கி எப்படி முழுகியது? எங்கள் பாட்டி வீட்டுப் பணமும் போனதாகக் கேள்வி. — வாசகர், காசிமேடு

நாம் நிதானமாகப் பேச வேண்டிய இடம் இது.

எடின்பரோ வில்லியமின் தம்பி ஜார்ஜ் அர்பத்நாட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராசுக்கு வந்தார். பிரான்சிஸ் லதூர் தொடங்கிய வணிகக் கம்பெனியில் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் கம்பெனி அவர் பெயருக்கு மாறியது. பாரி, பின்னி, அர்பத்நாட் இந்த மூன்றும்தான் அன்றைய மதராசின் பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள். ஏற்றுமதியோடு அர்பத்நாட்டில் டெபாசிட்டும் வாங்கினார்கள். ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், வக்கீல்கள், கோயில் நிதியைப் பார்த்துக்கொண்டவர்கள் என்று எல்லோரும் பணத்தைக் கொண்டுபோய் அங்கே கொட்டினார்கள். யாரும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் போடவில்லை. நூறு வருஷத்துப் பெயர், கவர்னர் மாளிகைக்குச் சரிசமமாகப் போய்வரும் குடும்பம். அந்தப் பெயரை நம்பித்தான் போட்டார்கள். அதே குடும்பத்தின் அயர்லாந்துக் கிளையைச் சேர்ந்த சர் அலெக்சாண்டர் அர்பத்நாட் 1872இல் சில மாதங்கள் தற்காலிக கவர்னராகவே இருந்தவர். அந்தமானில் வைஸ்ராய் மேயோ கொலையுண்டபோது மதராஸ் கவர்னர் நேப்பியர் கல்கத்தாவுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் நாற்காலி இவருக்கு வந்தது. இப்படிப்பட்ட பெயரைச் சாதாரண ஜனங்கள் எப்படிச் சந்தேகப்படுவார்கள்?

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அன்று கம்பெனி கையை விரித்துவிட்டது. லண்டனில் இவர்களுடைய கூட்டுக் கம்பெனியை நடத்திய பேட்ரிக் மெக்ஃபேடியன் ஊகபேரத்தில் பணத்தை இழந்து, ரயில் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கே தலைவராக இருந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. வெள்ளைக்கார ‘சர்’ ஒருவர் மதராசில் சிறைக்குப் போனது அன்றைக்கு எவ்வளவு பெரிய சேதி என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அவர் சிறைக்குப் போனதால் யார் வீட்டு அடுப்பும் எரியவில்லை. சேமிப்பு போனது போனதுதான்.

அந்த இடிபாட்டில் எழுந்து நின்றவர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அரசியலில் மிதவாதி, தீவிரவாதியான பாரதியோடு கருத்து ஒத்துப்போகாதபோதும் 1907இல் அவருடைய பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தவர். நம் பணத்துக்கு நம் வங்கி வேண்டும் என்று அவர் ஊரைக் கூட்டினார். நகரத்தார் சமூகத்தின் ராமசாமி செட்டியார் போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி கதவு திறந்தது. 1932இல் கொழும்பிலும் 1941இல் சிங்கப்பூரிலும் கிளை வைத்தது. காசிமேட்டில் நீங்கள் இன்று அந்த வங்கியில் வரிசையில் நின்றால், அதன் பிறப்புக்கு உங்கள் பாட்டி வீட்டு நஷ்டமும் ஒரு காரணம்.

பின்னி மில் என்பது துணி பின்னுவதால் வந்த பெயர்தானே? — ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, பெரம்பூர்

இல்லை ஐயா. அதுவும் ஸ்காட்லாந்து நிலத்தின் பெயர். எடின்பரோவுக்கு மேற்கே பின்னி என்ற நிலம் இருக்கிறது. அந்தப் பெயர்கொண்ட ஜான் பின்னி 1797இல் மதராசுக்கு வந்தார். நீங்கள் உழைத்த பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளெல்லாம் பிற்காலத்தில் வந்தவை.

1906இல் அர்பத்நாட் சாய்ந்தபோது பின்னியும் ஆடிப்போனது. அதைத் தூக்கி நிறுத்தியவர் ஜேம்ஸ் மெக்கே, பிற்காலத்து இன்ச்கேப் பிரபு. அவர் பிறந்த ஊர் ஆர்பிரோத், அப்பா கப்பல் கேப்டன். அர்பத்நாட் கிராமத்திலிருந்து அந்த ஊர் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஒரே கரையில் ஒருவர் விழ, பக்கத்து ஊர்க்காரர் வந்து அடுத்த கம்பெனியைத் தாங்கிக்கொள்கிறார்! இதே மெக்கே பங்குதாரராக இருந்த மெக்கின்னன் மெக்கென்சி கம்பெனிதான் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியை நிர்வகித்தது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்களை ஒழிக்கக் கட்டணத்தைத் தரைமட்டமாக இறக்கியது அந்தக் கப்பல் கம்பெனி. வ.உ.சி. தம் கம்பெனியைப் பதிவு செய்ததும் அதே 1906 அக்டோபரில்.

அப்படியானால் பாரிமுனை பாரியும் ஸ்காட்லாந்துக்காரரா? — வாசகர், தண்டையார்பேட்டை

வேல்ஸ்காரர். ‘அப் ஹாரி’, அதாவது ஹாரியின் மகன், அதுவே பாரி ஆயிற்று. அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வதில் அவர்களும் நம்மவர்களே.

அர்பத்நாட் பெயரில் படித்தவர்கள் யாரும் இல்லையா? — ஆசிரியை, கத்திவாக்கம்

உங்கள் வகுப்பில் சொல்லத்தக்க ஒருவர் இருக்கிறார், ஜான் அர்பத்நாட் (1667–1735). அதே மாவட்டத்தில் பிறந்து, ஆன் ராணிக்கு மருத்துவரானவர். இங்கிலாந்தைக் கேலிச்சித்திரத்தில் காட்டும் ‘ஜான் புல்’ பாத்திரத்தை 1712இல் படைத்தவரும் இவரே. லண்டனின் ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்து 82 ஆண்டுகளுக்குக் கணக்குப் பார்த்தார். ஒவ்வொரு ஆண்டும் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே அதிகம். நாணயத்தைச் சுண்டினால் 82 முறையும் தலையே விழுமா? வெறும் தற்செயலாக இருக்க முடியாது என்று 1710இல் எழுதினார். கடவுள் ஏற்பாடு என்று அவர் முடித்தது வேறு விஷயம். ஒரு முடிவு தற்செயலா இல்லையா என்று எண்ணால் சோதித்துப் பார்க்கும் முறைக்கு முதல் படிகளில் ஒன்று அது. இன்று மருந்துச் சோதனை எல்லாம் அந்த வழியில்தான் நடக்கிறது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் அந்தப் பெயரோடு உறவு உண்டு. பின்னால் கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்த சர் அலெக்சாண்டர்தான் 1855இல் மதராஸ் மாகாணத்தின் முதல் பொதுக் கல்வி இயக்குநர்.

எங்கள் குப்பத்தில் ஒரே பெயரில் பல பேர். கட்டை, நெட்டை, கருப்பு என்று பட்டப்பெயர் இல்லாவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளைக்கார மீனவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லையோ? — கட்டுமரக்காரர், நெட்டுக்குப்பம்

உங்களைவிட அவர்களுக்கு அதிகம், அண்ணே! அர்பத்நாட் மாளிகையிலிருந்து இறங்கி அதே கடற்கரையோரம் வடக்கே போனால் வரிசையாக மீனவ ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் மூன்று நான்கு குடும்பப் பெயர்கள்தான். பக்கி ஊரில் தடுக்கி விழுந்தால் ஸ்மித், கவி. கார்டன்ஸ்டவுனில் வாட், வெஸ்ட். முதல் பெயரும் ஜான், ஜேம்ஸ், வில்லியம் தாண்டாது. பெண் எடுப்பது, கொடுப்பது எல்லாம் மீனவக் குடும்பங்களுக்குள்ளேயே இருந்ததால் வெளிப்பெயர் உள்ளே வரவில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர். அதை அவர்கள் ‘டீ-நேம்’ என்பார்கள். அது திண்ணைப் பேச்சோடு நிற்கவில்லை. அரசாங்கப் பதிவேட்டிலேயே அடைப்புக்குறிக்குள் ஏறிவிட்டது. கடைக்காரர் கடன் கணக்கும் அந்தப் பெயரில்தான்.

வேலையும் உங்களுக்குப் பழக்கமானதே. அவர்களுடைய சிறு தூண்டில் கயிறு நம் ஆயிரங்கால் தூண்டிலின் அண்ணன் தம்பி. ஆயிரத்துக்கு மேல் முள். ஒவ்வொரு முள்ளிலும் மட்டிச் சதையைக் கோர்ப்பது பெண்கள். ஓட்டை உடைத்து, சதையை எடுத்து, கோர்த்து, முள் ஒன்றோடொன்று சிக்காதபடி இடையிடையே புல் பரப்பிக் கூடையில் சுற்றி வைக்க வேண்டும். விரல் முழுக்கக் கீறல். விடியுமுன் ஆண்கள் கால் நனையாமல் படகேற வேண்டும் என்று, குளிர்ந்த தண்ணீரில் இறங்கி அவர்களை முதுகில் சுமந்துகொண்டுபோய் ஏற்றியதும் பெண்களே. பிறகு மீன் கூடையோடு ஊர் ஊராக நடந்து விற்றுவர வேண்டும். அந்தப் பெண்கள் கல்யாணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை. ஸ்காட்லாந்துக் கல்லறைகளில் ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு அவளுடைய சொந்தக் குடும்பப் பெயரும் செதுக்கியிருக்கும். நிலக்கிழாரின் அரிய பெயரைத் தேடப்போன எனக்கு, அந்த மீனவப் பெண்களின் பெயர்கள்தான் மனத்தில் தங்கின.

என் தாத்தா ரயில்வேயில் இருந்தவர்; ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர். அவர் முன்னோர் ஊரை எப்படித் தேடுவது? — ஆங்கிலோ இந்திய வாசகி, ராயபுரம்

முதலில் சென்னையிலேயே தேடுங்கள். எழும்பூரில் கிணறுகளை இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்டுக் கட்டிய புனித ஆண்ட்ரூ ஆலயம் 1821இல் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கென்றே திறந்தது. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680இலிருந்து இருக்கிறது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் இந்த மூன்று பதிவேடுகளிலும் பெயரைப் பாருங்கள். மதராஸ் மாகாணப் பதிவேடுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளன. ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1855 ஜனவரி 1 முதல் கட்டாயம். அதற்கு முன்பு என்றால் அந்தந்த ஊர்க் கோயில் ஏடுகள்தான். அரிய பெயரானால் சீக்கிரம் கிடைக்கும். ஸ்மித்தோ கேம்ப்பெல்லோ என்றால் தாத்தாவுடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். 1855க்குப் பிந்தைய ஸ்காட்லாந்துப் பதிவுகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். ஒரே பெயர்கொண்ட பத்துப் பேரில் உங்கள் தாத்தா எவர் என்று அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.