ரோபோவுக்குப் பெயிண்ட் அடித்த ரோபோ

கார்த் தொழிலில் “இனி மனிதக் கை எதற்கு?” என்ற கேள்வி தலைமுறைக்கு ஒரு தடவை எழுகிறது. கேட்பவர் பெரும்பாலும் நிறுவனத்தின் தலைவர். ரோபோ எடுத்துக்கொள்ளப் போகும் வேலைகளின் பட்டியலில் அவருடைய வேலை மட்டும் இடம்பெறுவதில்லை.

1980களில் இதைக் கேட்டவர் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரோஜர் ஸ்மித். விலையிலும் தரத்திலும் ஜப்பானியக் கார்கள் அமெரிக்கச் சந்தையைப் பிடித்துக்கொண்டு வந்தன. ரோபோதான் மருந்து என்று ஸ்மித் நம்பினார். 1982-இல் ஜப்பானின் ஃபனுக் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ரோபோ செய்யும் கம்பெனியே தொடங்கப்பட்டது. 1984-இல் ஈ.டி.எஸ். என்ற கணினிச் சேவை நிறுவனம், மறுவருடம் ஹியூஸ் விமான நிறுவனம் என்று கொள்முதல் நீண்டது. செலவு பல ஆயிரம் கோடி டாலர்.

இந்த நம்பிக்கையின் கண்காட்சியாக 1985-இல் டெட்ராய்ட்–ஹாம்ட்ராமிக் எல்லையில் புது ஆலை எழுந்தது. உள்ளே சுமார் 260 ரோபோக்கள். அவை சும்மா இருந்தன என்று யாரும் குறைசொல்ல முடியாது. காருக்கு அடிக்க வேண்டிய பெயிண்டை ஒன்றின்மேல் ஒன்று அடித்துக்கொண்டன. கதவுகளைத் திறக்கவே முடியாதபடி வெல்டு வைத்தன. சாமான் கொண்டுபோகும் ஆளில்லா வண்டிகள் நடுவழியில் நின்றுகொண்டன. மனிதன் இப்படிச் செய்திருந்தால் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று எழுதிச் சீட்டைக் கிழித்திருப்பார்கள். ரோபோ செய்தால் அதற்கு ஆரம்பகாலச் சிக்கல் என்று பெயர்.

உண்மையிலேயே குடித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள் இருந்த ஆலை கலிபோர்னியாவில், ஃப்ரீமான்டில் இருந்தது. அதுவும் ஜெனரல் மோட்டார்ஸுடையதுதான். காலையில் கார் பூட்டும் லைனை ஓட்ட ஆள் போதாத நாட்கள் அங்கே சாதாரணம். மேலாளர்மேல் கோபம் வந்தால் கதவின் உட்புறத்தில் காலி கோக் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். காரை வாங்கியவர் ஆயுள் முழுக்கக் கடகடவென்ற சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். என்ன கோளாறு கண்ணில் பட்டாலும் லைன் நிற்கக் கூடாது என்பது மேலிடத்துச் சட்டம். 1982-இல் ஆலையை மூடினார்கள்.

இரண்டு ஆண்டில் டொயோட்டாவோடு கூட்டாக அதே கட்டடம் நும்மி என்ற பெயரில் திறந்தது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், தொழிற்சங்கமும் அதேதான். பல நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா தொழிலாளர்களின் பக்கத்தில் நிற்கவைத்துப் பழக்கினார்கள். வெல்டிங் ரோபோக்கள் இங்கும் உண்டு, ஆனால் பார்க்க வருபவர்கள் வாய்பிளக்கும் அளவுக்கு எதுவுமில்லை. பேசப்பட்டது ஒரு கயிறு. தவறு கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் தொங்கிய அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவந்து உதவுவார். அப்போதும் தீராவிட்டால் லைன் நிற்கும். சில ஆண்டுகளில் இந்த ஆலையின் தரம் ஜப்பானிய ஆலையை நெருங்கியது. பாட்டில் போட்ட அதே கைகள்தான் இதைச் செய்தன.

கயிற்றுக்குப் பின்னால் ஒரு தறி இருக்கிறது. டொயோட்டா குழுமத்தைத் தோற்றுவித்த சாகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும்.  நிற்கத் தெரியாத தறி கெட்ட துணியைத்தான் வேகமாக நெய்யும்.

ஜெனரல் மோட்டார்ஸ் இதைக் கற்க முயலாமல் இல்லை. நும்மியை மூலைமுடுக்கு விடாமல் படம் பிடித்துக்கொண்டு வந்து அப்படியே செய்யும்படி உத்தரவு போன கதையும் உண்டு. படத்தில் கயிறு விழும். அதை இழுத்தவனைத் திட்டாத மேலாளர் விழமாட்டார். 2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது, அடுத்த ஆண்டு நும்மியும் மூடப்பட்டது.

கட்டடத்தை 2010-இல் வாங்கியது டெஸ்லா. இம்முறை அந்தப் பழைய கேள்வி அதன் தலைவர் ஈலான் மஸ்க்கிடமிருந்து வந்தது. மனிதர்கள் ஏறக்குறைய தேவைப்படாத, வேற்றுக்கிரகப் போர்க்கப்பல் மாதிரியான ஆலை என்று அவர் வருணித்தார். மாடல் 3 காரை 2017 முடிவில் வாரத்துக்கு 5,000 வீதம் செய்வது இலக்கு. அதே ஆண்டில் டொயோட்டாவில் மிட்சுரு கவாய் துணைத் தலைவர் பதவிக்கு உயர்ந்தார். கம்பெனியின் சொந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்து 1960களில் பட்டறைக்கு வந்தவர் அவர். ரோபோ செய்யும் வேலையைச் சில இடங்களில் திரும்ப மனிதரிடம் கொடுத்து, இரும்பைக் கையால் அடித்துப் பழகவைத்தவர். கையால் செய்யத் தெரியாதவனால் இயந்திரத்தைத் திருத்த முடியாது என்பது அவர் கணக்கு. இதில் பழமைவாதம் எதுவுமில்லை. வேலை கையில் படிந்த பிறகு அதை அவர் மறுபடி இயந்திரத்துக்கே கற்றுக்கொடுத்தார்.

டெஸ்லாவிலோ பேட்டரியின்மேல் கண்ணாடி இழைப் பாய் ஒன்றை விரிக்க ரோபோ வைத்திருந்தார்கள். மெத்தென்ற அந்தப் பாயைப் பிடிக்கத் தெரியாமல் அது தடுமாறியது. அதை வேகப்படுத்தப் பாடாய்ப் பட்ட பிறகுதான் பாய் எதற்கு என்று மஸ்க் விசாரித்தார். பேட்டரிப் பாதுகாப்புக்காரர்கள் சத்தத்தைக் குறைக்க என்றார்கள். சத்தத்தைக் கவனிப்பவர்கள் தீப்பிடிக்காமல் இருக்க என்றார்கள். பாயோடும் பாயில்லாமலும் காரை ஓட்டி ஒலிப்பதிவு செய்ததில் வித்தியாசமே தெரியவில்லை. பாயும் போயிற்று, ரோபோவும் போயிற்று.

அளவுக்கு மீறித் தானியக்கம் செய்தது தன் தவறு என்று 2018 ஏப்ரலில் மஸ்க் வெளிப்படையாக எழுதினார். சிக்கலான கன்வேயர் பின்னலைப் பிடுங்கி எறிந்தார்கள். ஜூனில் ஆலை வளாகத்தில் பெரிய கூடாரம் ஒன்று அடித்து, அதற்குள் ஆட்களை நிறுத்தி இன்னொரு லைன் போட்டார்கள். அந்த மாதக் கடைசியில் வாரத்துக்கு 5,000 கார் வந்துவிட்டது.