முப்பது லட்ச ரூபாய் கிரைண்டர்

கோயம்புத்தூரில் வீதிக்கு ஒரு சித்தப்பா இப்படி இருப்பார். காலை ஒன்பது மணிக்கெல்லாம் குளித்து, திருநீறு பூசி, இரண்டாவது காபியோடு ஹால் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். டி.வி.யில் மார்க்கெட் சேனல் ஓடும், சத்தம் மட்டும் வராது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்துக்கு அரையடியில் பிடித்துக்கொண்டு ஒன்பது பதினைந்துக்காகக் காத்திருப்பார். ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் மகளைக் கூட்டிப்போக வந்தவர் மாதிரி ஒரு பரபரப்பு. மார்க்கெட் திறந்த முதல் நிமிஷத்தில் அவர் முகத்தைப் பார்த்தே சென்செக்ஸைச் சொல்லிவிடலாம். காபி டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் பாதியில் நின்றால் இருநூறு புள்ளி இறக்கம். டம்ளரைக் கீழேயே வைத்துவிட்டால் ஐநூறு.

"என்னங் சித்தப்பா, ஏதாச்சும் வாங்கறீங்களா?"

"நான் எதுக்கு கண்ணு இதையெல்லாம் பார்க்கப்போறேன்? நான் லாங் டெர்ம். வாங்கிப் போட்டா இருபது வருஷம் திரும்பிப் பார்க்க மாட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி போனைப் பார்ப்பார். இருபது வருஷத்தை ஐந்து ஐந்து நிமிஷமாகக் கழித்துக்கொண்டிருக்கிறவர் அவர்.

பிறவியிலேயே யாரும் லாங் டெர்ம் இன்வெஸ்டர் ஆகிவிடுவதில்லை. சித்தப்பா ஆனது 2008-ல். அந்த ஜனவரி இரண்டாம் வாரம் சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டு நின்றது. ஆர்.எஸ். புரத்தில் காய்கறிக்காரர்கூட ஷேர் பேசினார். அப்போதுதான் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனி ஐ.பி.ஓ. வந்தது. விலை 450 ரூபாய். சின்ன முதலீட்டாளர் என்றால் இருபது ரூபாய் தள்ளுபடி. கம்பெனி இன்னும் ஒரு பல்பு எரியும் அளவுக்குக்கூட மின்சாரம் தயாரிக்கவில்லை என்று யாரோ சொன்னதற்கு, "தயாரிச்சதுக்கு அப்புறம் வாங்கறதுக்கு நானென்ன கரண்டு பில்லா கட்டறேன்?" என்று கேட்டாராம். ஏலச்சீட்டை எடுத்து விண்ணப்பம் போட்டார். நாடே போட்டது, எழுபது மடங்குக்கு மேல் விண்ணப்பம் குவிந்ததால் இவர் கைக்கு வந்தது சொற்பம். பிப்ரவரியில் பட்டியலிட்ட அன்றே விலை சரிந்தது. சொற்பத்தோடு தப்பித்தோம் என்று குலசாமிக்குச் சூடம் கொளுத்தியிருக்க வேண்டிய ஆள், "விலை இறங்கியிருக்குது, இதுதான் சமயம்" என்று மிச்சமிருந்த சீட்டுப் பணத்தையும் அதிலேயே போட்டார்.

ஒரு வாரத்தில் விற்று இரட்டிப்பாக்குவதாகத்தான் திட்டம். அந்தத் திட்டம் படுத்த நாளில் சித்தப்பா நீண்டகால முதலீட்டாளர் ஆனார். ஊரில் லாங் டெர்ம் என்று மார் தட்டுகிறவர்களில் பாதிப்பேர் இந்த வழியில் வந்தவர்கள்தான். மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல நாக்கு கூசுகிறது, அவ்வளவே.

பிறகு தொடங்கியது 'ஆவரேஜ்' பண்ணும் படலம். நானூறுக்கு வாங்கியது இருநூறுக்கு வந்தால் இன்னும் கொஞ்சம். நூறுக்கு வந்தால் இன்னும் கொஞ்சம். விருந்தாளி வர வர ரசத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல, சராசரி விலை இறங்கிக்கொண்டே இருந்தது. பங்கின் விலை அதைவிட வேகமாக இறங்கியது. 2020 மார்ச்சில் அந்தப் பங்கு இரண்டு ரூபாய்க்கும் கீழே கிடைத்தது. ஒரு டீ வாங்குகிற காசில் ஐந்தாறு ஷேர்.

"வித்துத் தொலைச்சுருங்க" என்று ஆடிட்டர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். விற்றால் அந்த நஷ்டத்தை வேறு பங்கில் வந்த லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தை எட்டு வருஷம் வரைக்கும் கணக்கில் எடுத்துப்போகலாம் என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. சித்தப்பாவின் பதில் மாறியதே கிடையாது: "விக்கிற வரைக்கும் நஷ்டம்ங்கிறதே இல்லீங்க சார்." சட்டம் எட்டு வருஷம்தான் சுமக்கச் சொல்கிறது. இவர் பதினாறு வருஷத்துக்கும் மேலாகச் சுமக்கிறார், யாரும் கேட்காமலேயே.

இதுவரை படித்தவர்கள் சித்தப்பாவுக்கு நல்ல பங்கு எதுவும் வாய்க்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வாய்த்தது. அதைச் சொல்ல அவர் வீட்டுச் சமையலறைக்குள் போக வேண்டும்.

அங்கே மூலையில் ஒரு வெட் கிரைண்டர் இருக்கிறது. உள்ளூர்த் தயாரிப்பு, ஸ்டீல் டிரம், பழைய மாடல். மூடியின் கைப்பிடி உடைந்து சித்தி துணி சுற்றியிருக்கிறார். பக்கவாட்டில் மஞ்சளாய் ஒரு ஸ்டிக்கர், பாதி உரிந்து. கல் இரண்டு முறை கொத்தியாயிற்று. மோட்டார் இன்னும் முதல் மோட்டார். சித்தி அரிசியைக் கொட்டி சுவிட்சைத் தட்டினால் கடகடவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்ததும் ஹாலில் சித்தப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

2003 வாக்கில், டிப்ஸ் எதுவும் இல்லாமல், கையில் கட்டியிருந்த கடிகாரம் பிடித்துப்போனதால் அந்தக் கடிகாரக் கம்பெனியின் ஐம்பது ஷேரை வாங்கினார். ஓசூரில் தொழிற்சாலை, தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன். அவர் வாழ்க்கையில் யோசித்து வாங்கிய ஒரே பங்கு அதுதான் என்பேன். பொருள் கையிலேயே இருந்தது, அது நன்றாக ஓடியது, வாங்கினார். விலை கொஞ்சம் ஏறியது. "லாபம் கைக்கு வந்தாத்தான் லாபம்" என்று விற்றார். வந்த பணத்தில் சித்திக்கு ஒரு கிரைண்டர்.

2011-ல் அந்தக் கம்பெனி ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸ் கொடுத்தது. அதே சூட்டில் பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்கை ஒரு ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. ஒன்று இருபது ஆயிற்று; சித்தப்பா விற்காமலிருந்தால் ஐம்பது ஆயிரமாகியிருக்கும். 2024-ல் அந்தப் பங்கின் விலை வருஷம் முழுக்க மூவாயிரத்துக்கு மேலேயே இருந்தது. ஆயிரத்தை மூவாயிரத்தால் பெருக்க சித்தப்பாவுக்குக் கால்குலேட்டர் வேண்டாம். ஒவ்வொரு இட்லிக்கும் பெருக்கிவிட்டுத்தான் வாயில் போடுகிறார்.

"இந்தக் கிரைண்டர் என்ன விலை தெரியுமா கண்ணு? முப்பது லட்சம்."

"அதான் மாவு இவ்வளவு நைசா வருதுங்க" என்பார் சித்தி, திரும்பிப் பார்க்காமல்.

இதில் எனக்கு வேறொரு வேடிக்கை உண்டு. டிட்கோ இன்னும் அந்தப் பங்குகளை வைத்திருக்கிறது, கம்பெனியில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். 1984-லிருந்து கோட்டையில் ஆட்சிகள் மாறின, முதலமைச்சர்கள் மாறினார்கள், தொழில்துறைச் செயலாளர்கள் எத்தனை பேர் வந்து போனார்களோ. ஒருவரும் விற்கவில்லை. தொலைநோக்கா, அல்லது அந்த ஃபைல் எந்த மேஜையிலோ தூங்கியதா என்பது கோட்டைக்கே வெளிச்சம். எதுவானாலும், தமிழ்நாட்டின் ஆகச்சிறந்த நீண்டகால முதலீட்டாளர் யார் என்று கேட்டால் நான் அரசாங்கத்தைத்தான் காட்டுவேன். ஒன்பது பதினைந்துக்குப் போனைப் பார்க்காத குணம் அதற்கு ஒன்று உண்டு.

ஆக, சித்தப்பாவின் பொறுமை ஒரு தினுசு. முளைத்த செடியைக் கீரையாகக் கிள்ளிவிடுவார். பட்டுப்போன மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவார். பத்து சதவீத லாபம் வந்தால் இரவு தூக்கம் வராது, காலையில் விற்றால்தான் நிம்மதி. தொண்ணூறு சதவீத நஷ்டம் வந்தாலோ நன்றாகத் தூங்குவார், ஏனென்றால் அது லாங் டெர்ம்.

2020 மார்ச் 23-ம் தேதி இந்தக் குணம் உச்சிக்குப் போனது. அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல், நூற்றுக்குப் பதின்மூன்று, விழுந்தது. காலையில் லோயர் சர்க்யூட் அடித்து முக்கால் மணி நேரம் வியாபாரத்தையே நிறுத்தினார்கள். அந்த முக்கால் மணி நேரமும் சித்தப்பா வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தார். மறுபடி திறந்ததும் கையிலிருந்த பேங்க் பங்கு, பெயிண்ட் பங்கு, சோப்புப் பங்கு எல்லாவற்றையும் விற்றார். மின்சாரக் கம்பெனியை மட்டும் தொடவில்லை. "அதை வித்தா என்ன வரப்போகுது?" என்றார். நியாயம்தான். நல்லதை விற்றால்தானே காசு வரும். நவம்பரிலேயே சென்செக்ஸ் பழைய உச்சியைத் தாண்டிவிட்டது. அதற்குள் அவர் காசு பாதுகாப்பாக சேமிப்புக் கணக்கில் உட்கார்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

அதே மார்ச்சில், அதே வீட்டில், இன்னொருவர் பங்குச் சந்தையில் பணம் போட்டார்: சித்தி. போட்டது அவருக்கே தெரியாது. 2014-ல் பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகன் ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி, மாதம் மூவாயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. ஆரம்பித்துக் கொடுத்திருந்தான். தையல் மெஷினில் சம்பாதித்த காசு. சித்தி அதை இன்றுவரை 'அந்தச் சீட்டு' என்றுதான் சொல்வார். பாஸ்வேர்டு முதல் மாதமே மறந்துபோயிற்று. நிறுத்த வேண்டுமென்றாலும் எப்படி நிறுத்துவதென்று தெரியாது. மாதாமாதம் ஐந்தாம் தேதி காசு தானாகப் போய்க்கொண்டே இருந்தது, மார்க்கெட் ஏறினாலும் இறங்கினாலும், ஊரே பூட்டிக்கிடந்தாலும். 2024-ல் பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காக அக்கா மகனை விட்டுக் கணக்கைத் திறந்தால், போட்ட மூன்று லட்சத்து அறுபதாயிரம் ஏழு லட்சத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"சீட்டுல கசர் இவ்வளவா குடுக்கறாங்க?" என்று கேட்டார் சித்தி.

"லக்கு" என்றார் சித்தப்பா. அன்று பூராவும் அவர் அதிகம் பேசவில்லை.

அவரை ஒரேயடியாகக் கிண்டல் செய்தால் பாவம் பிடிக்கும். கடன் வாங்கி ஒரு ஷேர் வாங்கியதில்லை. எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. போன தீபாவளிக்கு, வேலையை விட்டுவிட்டு ஆப்ஷன்ஸ் டிரேடிங் செய்யப்போவதாகச் சொன்ன மருமகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே கணக்கெடுத்து 2024-ல் சொன்னதைப் படித்துக் காட்டினார். "மாமா, நீங்களும் நஷ்டத்துலதானுங்களே இருக்கறீங்க?" என்று பையன் கேட்டான். "நான் பதினாறு வருஷமா நிதானமா நஷ்டப்பட்டேன் மாப்பிள்ளை. நீ பதினாறு நாள்ல பட்டுருவே" என்றார். அன்று அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. பையனும் வேலையை விடவில்லை.

சித்தப்பாவுக்கு வாரன் பஃபெட்மேல் பக்தி அதிகம். போனைத் திறந்தால் முருகர், அடுத்த படம் பஃபெட். தான் சொல்வதில் தனக்கே நம்பிக்கை குறையும்போது, "பஃபெட் சொல்லியிருக்காரு" என்று முன்னால் ஒட்டிக்கொள்வார். அந்த மனிதருடைய சொத்தில் பெரும்பகுதி அறுபது வயசுக்கு மேல்தான் சேர்ந்தது என்பது சித்தப்பாவுக்குப் பெரிய ஆறுதல். "எனக்கு அறுபத்தெட்டு. இப்பத்தான் கண்ணு ஆரம்பம்." பதினோரு வயசில் முதல் பங்கை வாங்கியவர் பஃபெட் என்பதை நான் ஞாபகப்படுத்துவதில்லை.

இந்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க டிரங்குப் பெட்டியை நகர்த்தியபோது, அடியில் தாத்தா வாங்கிவைத்த ஷேர் சர்டிபிகேட்டுகள் கிடைத்தன. அந்தக் கால மில் ஷேர்கள்தான் பெரும்பாலும். மில்லும் இல்லை, சங்கும் இல்லை. ஒன்று மட்டும் நல்ல கம்பெனி, இன்னும் நடக்கிறது. தாத்தாதான் அசல் லாங் டெர்ம் என்று எல்லோரும் ஆடிப்போனோம். விசாரித்தால், ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காததால் சட்டப்படி அந்தப் பங்குகள் அரசாங்கத்தின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விட்டிருந்தன. டிவிடெண்ட் கடிதமெல்லாம் நாங்கள் எப்போதோ காலி செய்த வீட்டுக்குப் போயிருக்கிறது. திரும்பக் கேட்டு வாங்கலாம். அதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இன்னும் ஒரு கட்டுக் காகிதம். தாத்தாவின் பெயர் சர்டிபிகேட்டில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றில் வேறு மாதிரி, ரேஷன் கார்டில் மூன்றாவது மாதிரி. மூன்று பேரும் ஒருவரே என்று நிரூபிக்க சித்தப்பா நாலு மாதமாக நோட்டரி பப்ளிக்கிடம் அலைகிறார்.

இந்தப் பாடு படுகிற மனிதர் தன் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பார் என்று நம்பி, போன வாரம் அவருடைய டிமேட் கணக்கைத் திறந்து பார்த்தேன். நாமினி இடத்தில் யார் பெயரும் இல்லை.

"ஏனுங் சித்தப்பா, சித்தி பேரையாவது போட்டு வைக்கக் கூடாதுங்களா?"

"போடலாம் கண்ணு. இப்ப என்ன அவசரம்? நான் லாங் டெர்ம்தானே."

உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. கிரைண்டர் மகளுக்கு என்று சித்தி எப்போதோ சொல்லிவிட்டார்.